பானைக்குக் கட்டிய கறுப்புத் துணி

பணகுடிக்கு மேற்கே, காற்றாலைகள் வரிசைகட்டி நிற்கும் பொட்டலில் ஒரு மடம் இருந்தது. மடம் என்றதும் கோபுரமும் யானையும் நினைவுக்கு வரவேண்டாம். ஓடு போட்ட கஞ்சிக்கூடம் ஒன்று, கிணறு ஒன்று, வேப்பமரம் இரண்டு. அவ்வளவுதான்.

அங்கே இருந்தவரை ஊரார் காற்றாடிச் சாமி என்றார்கள். சாமிக்கு நாற்பத்து நாலு வயது. காவி கிடையாது, வெள்ளை வேட்டி. பேச்சு கொஞ்சம், சிரிப்பு கூடுதல்.

அவருடைய சீடர் தாணுமாலயன் பிள்ளைக்கு அறுபத்தேழு. மாவட்ட நீதிபதியாக இருந்து ஓய்வு பெற்றவர். தினமும் காலையில் வள்ளியூரிலிருந்து பஸ் பிடித்து வந்து சாமியை விழுந்து கும்பிடுவார். விழுவது அவர் பொறுப்பு, தூக்கிவிடுவது சாமி பொறுப்பு. முட்டி அப்படி.

"நின்னுக்கிட்டே கும்பிட்டா ஆகாதா, அண்ணாச்சி?"

"முறைன்னு ஒண்ணு இருக்குல்லா சாமி."

முறை என்ற சொல்லை வைத்துத்தான் அவர் வாழ்க்கையே ஓடியது. அவர் கோர்ட்டில் பொய்ச்சாட்சி சொல்ல வந்தவன் கூண்டில் ஏறும்போதே வியர்த்துப்போவான். சாட்சியின் கண்ணைப் பார்க்க மாட்டார், கையைப் பார்ப்பார். வாய் பொய் சொல்லும்போது கை சும்மா இருக்காது என்பது அவருடைய சித்தாந்தம்.

மடத்தில் அவருக்குப் பிடிக்காத சங்கதி ஒன்றே ஒன்று. அது பானை.

கஞ்சிக்கூடத்து வாசலில் இடுப்புயர மண்பானை ஒன்று இருந்தது. அதன் வாயில் ஒரு பழைய துணி தொங்கும். வெள்ளிக்கிழமை கஞ்சிக்கு வருகிறவர்கள் சின்னப் பையைத் துண்டுக்குள்ளோ முந்தானைக்குள்ளோ வைத்துக்கொண்டு வருவார்கள். துணிக்கு அடியில் கையை விடுவார்கள், எடுப்பார்கள், போய்விடுவார்கள். இருக்கிறவர் அரிசி போடலாம். இல்லாதவர் எடுத்துக்கொள்ளலாம். யார் போட்டார், யார் எடுத்தார் என்று யாரும் பார்ப்பதில்லை. கடைசியில் பானையில் மிஞ்சுவதிலிருந்துதான் அன்றைய கஞ்சி. முதல் கை எப்போதும் சாமியுடையது.

"இது என்ன ஏற்பாடு சாமி? எதுவும் வெளிச்சத்துல நடக்கணும். மூடின எடத்துலதான் தப்பு நடக்கும்" என்பார் தாணுமாலயன்.

சாமி சிரிப்பார். துணி அப்படியே தொங்கும்.

இப்படி இருந்தபோதுதான் அவர் வீட்டில் இடி விழுந்தது.

மகன் கோமதிநாயகத்துக்கு வள்ளியூரில் இரும்புக்கடை. பெண்டாட்டியும் இரண்டு பெண் குழந்தைகளும் உண்டு. தங்கமான பிள்ளை. அவனுக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. ஒன்றுவிட்டு ஒருநாள் டயாலிசிஸ். இறந்தவர்களிடமிருந்து தானமாகக் கிடைக்கும் வரிசையில் பேரைப் பதிந்தாயிற்று. அந்த வரிசை எப்போது நகரும் என்று யாராலும் சொல்ல முடியவில்லை.

வீட்டில் யாராவது ஒன்று கொடுக்கலாம் என்றால், தாணுமாலயனுக்கு வயதும் சர்க்கரையும் குறுக்கே நின்றன. அவர் மனைவி ஆவுடையம்மாளுக்கும் சர்க்கரை. மருமகள் சண்முகவடிவுக்கு இரத்தம் வேறு வகை. மகள் உலகம்மைக்கு மட்டும் அண்ணனுடைய அதே இரத்த வகை.

உலகம்மைக்கு முப்பத்து மூன்று வயது. கூட்டுறவு வங்கியில் வேலை. கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டவள்.

"நல்லவேளை, அவளுக்கு என்ன, புள்ளையா குட்டியா!" என்றாள் ஓர் அத்தை.

அன்றைக்கு ராத்திரியே ஆவுடையம்மாள் மகளுக்குப் பாலில் பாதாம் அரைத்துக் கலந்து கொடுத்தாள். மறுநாள் அண்ணன் குழந்தைகள் இரண்டும் வந்து உலகம்மையின் மடியில் ஏறி உட்கார்ந்துகொண்டன. "எங்க அப்பாவக் காப்பாத்தப் போறது அத்தைதானே?" என்று சின்னது கேட்டது. உலகம்மை அதன் தலையைத் தடவினாள்.

அவளிடம் கேட்கத்தான் யாருக்கும் தோன்றவில்லை. நன்றி சொல்ல எல்லோருக்கும் தோன்றியது.

பரிசோதனை எல்லாம் திருநெல்வேலியில் ஓர் ஆஸ்பத்திரியில் நடந்தது. ஒவ்வொன்றும் பொருந்தி வந்தது. கடைசியாக டாக்டர் பெனிட்டா, உலகம்மையோடு தனியாகப் பேச வேண்டும் என்றார்.

"நான் இருக்கேன். அவ அப்பா."

"நீங்க வெளியில இருக்கணும் சார். கொடுக்க வர்றவங்களைத் தனியாத்தான் கேக்கணும். சட்டம் அப்படி."

சட்டம் என்றதும் பெரியவர் எழுந்துவிட்டார். கதவைச் சாத்தினார்கள். வெகுநேரம் திறக்கவில்லை.

அடுத்த முறை போனபோது டாக்டர் சொன்னார்: "உலகம்மைகிட்டேருந்து எடுக்க முடியாது சார். மருத்துவக் காரணம்."

"என்ன காரணம்?"

"அது அவங்களுக்கும் எங்களுக்கும் மட்டும்தான்."

"பரிசோதனை எல்லாம் பொருந்தியிருக்கே. நான் பாத்தேனே!"

"எடுக்க முடியாது சார்."

தாணுமாலயன் டாக்டரின் கையைப் பார்த்தார். அது பேனாவின் மூடியைக் கழற்றியது, மாட்டியது, மறுபடி கழற்றியது.

பொய் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

வீட்டில் அழுகை. ஆவுடையம்மாள் தலையெழுத்தை நொந்துகொண்டாள். கோமதிநாயகம்தான் தங்கையைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டான். "விடுட்டி. ஒன் ஒடம்பு ஒத்துவரல்லன்னா நீ என்ன செய்வ? எனக்கு வேற வழி கெடைக்கும்" என்றான். உலகம்மை அவன் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள்.

அதைப் பார்த்துக்கொண்டிருந்த அப்பாவுக்கு நெஞ்சு கொதித்தது. மகளைக் கேட்டுவிடலாம்தான். கேட்டால் அவளும் பொய் சொல்லிவிடுவாளோ என்று பயமாக இருந்தது. அன்றிலிருந்து அவளோடு பேச்சைக் குறைத்துக்கொண்டார். அப்பா வரும் சத்தம் கேட்டால் அவள் எழுந்து உள்ளே போக ஆரம்பித்தாள்.

ஆடி மாதம். மலையிலிருந்து காற்று பிய்த்துக்கொண்டு வந்தது. சாமி கிணற்றடியில் வாளி கழுவிக்கொண்டிருந்தார். அன்றைக்குத் தாணுமாலயன் விழுந்து கும்பிடவில்லை. நேரே கேட்டார்.

"சாமி, ஒரு டாக்டர் பொய் சொல்லலாமா?"

"யாருகிட்ட?"

"என்கிட்ட."

நடந்ததை எல்லாம் சொன்னார். சாமி கேட்டுக்கொண்டே வாளியைத் தேய்த்தார்.

"அவ வேண்டாம்னு சொல்லியிருக்கா. அந்தம்மா அத மறைக்காங்க. எனக்குத் தெரியாமப் போயிருமா? மேல எழுதிப் போடப்போறேன் சாமி. அந்தக் கதவுக்குள்ள என்ன பேசுனாங்கன்னு வெளிய வந்தாகணும்."

"வந்தா என்ன செய்வீங்க?"

"செய்யுறது பொறவு. மொதல்ல உண்மை."

"கோமதிக்கு அதால கிட்னி கெடைச்சிருமா?"

விஷயம் அம்பலமானால் உலகம்மை வேறு வழியில்லாமல் சம்மதித்துவிடுவாள் என்று தாணுமாலயன் மனதின் ஒரு மூலையில் ஒரு கணக்கு இருந்தது. அதைச் சாமியிடம் சொல்ல வாய் வரவில்லை.

சாமி வாளியைக் கவிழ்த்து வைத்தார்.

"அண்ணாச்சி, ரொம்ப நாளா பானைத் துணிய எடுக்கணும்னு சொல்லுதீங்கல்லா?"

"ஆமா. அதுக்கென்ன இப்ப?"

"எடுத்திருங்க."

"சாமி?"

"எடுத்துட்டு, பக்கத்துல நீங்களே உக்காந்து பாருங்க. ஆடி முடியட்டும். பொறவு மனுவப் போடுங்க."

நான் எதைக் கேட்டேன், இவர் எதைச் சொல்கிறார் என்று பெரியவருக்குக் கோபம்தான் வந்தது. ஆனால் குருவின் வாக்கு. துணியை உருவி மடித்து வைத்தார். பானைக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். நாற்காலியில் உட்கார்ந்ததும் முதுகு தானாக நிமிர்ந்துகொண்டது.

முதல் வெள்ளிக்கிழமை பானை கழுத்து வரை நிறைந்தது.

அப்படியொரு காட்சியை அந்த மடம் கண்டதில்லை. போடுகிறவர்கள் கையை உயர்த்தி, அரிசி சலசலவென்று விழும்படி போட்டார்கள். காண்டிராக்டர் ஒருவர் ஒரு மூட்டையையே கொண்டுவந்து கவிழ்த்தார். கவிழ்ப்பதைப் படம் எடுக்க ஓர் ஆளையும் கூட்டிவந்திருந்தார். படம் சரியாக விழவில்லை என்று பாதி மூட்டையை நிறுத்தி இன்னொரு முறை கவிழ்த்தார்.

"பாத்தீங்களா சாமி?"

"பாத்தேன்."

"துணி இருந்தப்ப இதுல பாதி வராது."

"வராது."

பெரியவருக்கு வாயெல்லாம் பல்.

அன்றைக்கு வரிசையில் பேச்சித்தாயும் நின்றாள். ரயில்வே கேட் பக்கத்தில் குடியிருப்பவள், பீடி சுற்றிப் பிழைப்பவள், புருஷன் இல்லை, ஒரு மகள் உண்டு. வாராவாரம் வருவாள். பானைக்கு முன்னால் வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். முந்தானைக்குள் இருந்த கை வெளியே வரவில்லை. பின்னால் நின்ற பெண்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"போடும்மா, கூச்சப்படாத" என்றார் தாணுமாலயன், அன்பாகத்தான்.

அவள் எதையோ மறந்துவிட்டு வந்தவள்போலத் திரும்பிப் போய்விட்டாள்.

அடுத்த வெள்ளி வந்தாள். பை நிறைய அரிசி. பானையில் கொட்டினாள், யாரையும் பார்க்கவில்லை.

"நல்ல மனசும்மா ஒனக்கு!" என்றார் பெரியவர்.

பேச்சித்தாய் தலையாட்டினாள்.

அதற்குப் பிறகு அவள் வரவில்லை. அவளைப்போல இன்னும் சிலரும் வரவில்லை. பானை நிறைந்து வழிந்தது, கஞ்சி கெட்டியாக இருந்தது, சாப்பிட ஆள்தான் குறைந்தது. இது பெரியவர் கண்ணில் படாமல் இல்லை. பசி உள்ளவர்கள் கஞ்சியை விட்டுவிட்டு எங்கே போவார்கள் என்று யோசித்தார். யோசனை பிடிபடவில்லை.

ஆடி முடியப் போகும் சமயம், ஒருநாள் காலையில் ரயில்வே கேட்டிலேயே பஸ்ஸை விட்டு இறங்கி விசாரித்துக்கொண்டு பேச்சித்தாய் வீட்டுக்குப் போனார். அவள் முறத்தை மடியில் வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருந்தாள். அவரைப் பார்த்ததும் பதறி எழுந்தாள்.

"உக்காரும்மா. ஏன் மடத்துப் பக்கம் வரல்ல?"

"பீடி முடிக்கணும்லாய்யா."

"கஞ்சிக்காவது வரலாம்லா?"

"வரணும்யா."

"போன தடவ நெறைய போட்டியே?"

"ஆமாய்யா."

"வீட்டுக்கு வச்சிருந்தியா?"

அவள் பீடியிலையைத் தண்ணீர் தெளித்துத் துடைத்தாள். துடைத்ததையே மறுபடியும் துடைத்தாள். பெரியவர் அந்தக் கையைப் பார்த்தார்.

"வீட்டுல இருந்தது அம்புட்டுதான்யா" என்றாள்.

"பொறவு ஏம்மா போட்ட?"

"எல்லாரும் பாத்துக்கிட்டு நிக்காக. நீங்களும் போடும்மான்னுட்டீக. என்கிட்ட இல்லன்னு எப்படிய்யா நிக்க?"

கோபமாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னாள், அவ்வளவுதான். இந்தப் பெண் இத்தனை காலமும் அந்தத் துணிக்குள் கையை விட்டு எடுத்துக்கொண்டு போனவள் என்பது அப்போதுதான் அவர் மண்டையில் ஏறியது. முப்பது வருஷம் நாற்காலியில் உட்கார்ந்தவருக்கு அந்த வாசலில் நிற்க முடியவில்லை.

அங்கிருந்து மடத்துக்கு வெயிலில் நடந்தே வந்தார். சாமி வேப்பமரத்தடியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். பெரியவர் எதிரே உட்கார்ந்தார்.

"சாமி, பானை நெறஞ்சு கெடக்கு."

"நல்லதுதான?"

"அதுல பேச்சித்தாய் வீட்டு ஒலையரிசியும் கெடக்கு."

சாமி அவரிடமும் சில வெங்காயத்தைத் தள்ளினார். இருவரும் உரித்தார்கள்.

"அண்ணாச்சி, ஒங்க ஊர்க் கோயில் கொடையில கிடா வெட்டு பாத்திருக்கீங்களா?"

"எங்க வீட்டுல கவுச்சி கெடையாது. சின்ன வயசுல தூர நின்னு பாத்திருக்கேன்."

"வெட்டுறதுக்கு முன்னால என்ன செய்வாங்க?"

"மஞ்சத்தண்ணி தெளிப்பாங்க."

"கிடா என்ன செய்யும்?"

"ஒடம்ப ஒரு ஆட்டு ஆட்டித் துலுக்கும்."

"துலுக்குனா?"

"சம்மதம் சொல்லிட்டுன்னு அர்த்தம்."

"துலுக்கலன்னா?"

"துலுக்குற வரைக்கும் தெளிப்பாங்க."

சொல்லிவிட்டுப் பெரியவர் உரித்த வெங்காயத்தைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

"வீட்டுல உலகம்மை என்ன சொன்னா?" என்று சாமி கேட்டார்.

பாதாம்பால் நினைவுக்கு வந்தது. மடியில் ஏறிய குழந்தைகள் நினைவுக்கு வந்தன. நல்லவேளை என்ற அத்தையின் குரல் கேட்டது. நல்ல மனசும்மா ஒனக்கு என்று தானும் ஒருநாள் மகளிடம் சொன்னது நினைவுக்கு வந்தது.

"தலையாட்டினா" என்றார்.

கண்ணில் நீர் வழிந்தது. வெங்காயம்தான் என்று சாமி எடுத்துக்கொண்டார் போலிருக்கிறது.

அன்று வீட்டுக்குப் போனபோது உலகம்மை முற்றத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். அப்பாவைக் கண்டதும் எழுந்தாள்.

"எங்க போற? இரு" என்றார்.

அவள் நின்றாள். முகத்தில் பயம் தெரிந்தது. பெற்ற மகளுக்குத் தன்னைக் கண்டால் பயம் என்பது அவருக்கு முள்ளாகக் குத்தியது.

"காப்பி போட்டுத்தாம்மா. ஒன் கையால குடிச்சு நாளாச்சு."

மனுவைப் பற்றி அதற்குப் பிறகு அவர் பேச்சே எடுக்கவில்லை.

மறுநாள் அவர் மடத்துக்கு வரும்போது கையில் ஒரு பொட்டலம் இருந்தது. பிரித்தார். நீதிபதியாக இருந்தபோது போட்ட கறுப்பு அங்கி. பானையின் வாயில் விரித்து, கழுத்தைச் சுற்றிக் கயிறு கட்டி, முன்பக்கம் கை நுழைய இடம் விட்டார்.

சாமி விழுந்து விழுந்து சிரித்தார்.

"இது என்ன அண்ணாச்சி?"

"வீட்டுல சும்மா தொங்குது சாமி. கெட்டித் துணி. வெளிச்சம் உள்ள போவாது."

ஊரில் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். கண்ணேறு படாமலிருக்கக் கறுப்புத் துணி என்றார் ஒருவர். சனிக்குப் பரிகாரம் என்றார் இன்னொருவர். காண்டிராக்டர் வந்து பார்த்துவிட்டுப் படம் எடுக்க வசதி இல்லை என்று போய்விட்டார்.

சொல்லி அனுப்பியதன்பேரில் அந்த வெள்ளிக்கிழமை பேச்சித்தாய் மகளைக் கூட்டிக்கொண்டு வந்தாள். அவள் பானையருகே வந்தபோது பெரியவர் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு காற்றாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பானை பழையபடி பாதிக்கு வந்துவிட்டது. கஞ்சி கொஞ்சம் நீர்த்திருந்தது. யாரும் குறை சொல்லவில்லை. பந்திதான் நிறைந்திருந்தது.

ஐப்பசியில் டாக்டர் பெனிட்டா கூப்பிட்டு அனுப்பினார்.

சிவகாசியில் ஒரு குடும்பம். அங்கே புருஷனுக்குச் சிறுநீரகம் வேண்டும், பெண்டாட்டி கொடுக்க முன்வந்திருக்கிறாள், இரத்த வகை சேரவில்லை. அந்தப் பெண்ணுடையது கோமதிநாயகத்துக்குப் பொருந்துகிறது. சண்முகவடிவுடையது அந்தப் புருஷனுக்குப் பொருந்துகிறது. மாற்றிக் கொடுத்துக்கொள்ளச் சட்டத்தில் இடம் உண்டு. ஆனால் அதற்கு அனுமதி தரும் குழு கூடும். கொடுக்கிற இரண்டு பெண்களையும் தனித்தனியே கூப்பிட்டுக் கேட்கும்.

"மாமா, நான் குடுக்கேன்" என்று சண்முகவடிவு உடனே சொன்னாள்.

பெரியவர் தலையாட்டினார், நன்றி சொல்லவில்லை. ஆவுடையம்மாள் பாதாம் எடுக்கப் போனபோது, "இப்ப வேண்டாம், ஆப்பரேசன் முடியட்டும்" என்று தடுத்துவிட்டார்.

குழு கூடிய அன்று குழு அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். உலகம்மையும் காப்பி பிளாஸ்க்கோடு வந்திருந்தாள். சண்முகவடிவின் பெயரைக் கூப்பிட்டார்கள். அவள் எழுந்தாள். பெரியவரும் எழுந்தார்.

"வடிவு, ஒரு நிமிசம்."

"சொல்லுங்க மாமா."

"உள்ள ஒன்னத் தனியாத்தான் கேப்பாங்க. வேண்டாம்னு தோணிச்சுன்னா அங்கன சொல்லிரும்மா. பயமா இருந்தாலும் சரிதான், பிடிக்கலன்னாலும் சரிதான். டாக்டர் வெளிய வந்து, ஒனக்கு ஒத்துவரல்லன்னு எங்ககிட்ட சொல்லுவாங்க."

"மாமா..."

"அவங்க சொன்னா நான் நம்பிக்கிடுவேன். ஒன்ன ஒரு கேள்வி கேக்க மாட்டேன். கோமதியும் கேக்க மாட்டான்."

சண்முகவடிவு அவரையே பார்த்தாள். பிறகு உள்ளே போனாள். பெரியவர் தம் கையாலேயே கதவை இழுத்துச் சாத்தினார்.

திரும்பிப் பார்த்தால், உலகம்மை சுவரைப் பார்த்தபடி நின்றாள். தோள் குலுங்கிக்கொண்டிருந்தது. பெரியவர் பக்கத்தில் போகவில்லை. பெஞ்சில் உட்கார்ந்து, "காப்பி இருக்காம்மா?" என்று மட்டும் கேட்டார்.

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு காப்பி ஊற்றினாள். ஒரு தம்ளரில் ஊற்றி அப்பாவுக்குக் கொடுத்தாள். இன்னொன்றில் தனக்கு ஊற்றிக்கொண்டு, மாதக்கணக்கில் விட்டுப்போயிருந்த வழக்கப்படி, அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். இரண்டு பேரும் குடித்தார்கள். சூடு சரியாக இருந்தது.

கதவு திறந்தது. சண்முகவடிவு சிரித்துக்கொண்டே வந்தாள். "எல்லாத்தையும் கேட்டாங்க மாமா. நான் குடுக்கேன்னுதான் சொன்னேன்" என்றாள். சிவகாசிப் பெண்ணும் அதையேதான் சொல்லியிருந்தாள்.

கார்த்திகையில் ஒரே நாளில் இரண்டு குடும்பத்துக்கும் ஆப்பரேசன் நடந்தது. நால்வரும் பிழைத்து எழுந்தார்கள். ஆவுடையம்மாள் மருமகளுக்கு ஒரு படி பாதாம் அரைத்தாள். இந்த முறை யாரும் தடுக்கவில்லை. தை பிறந்ததும் கோமதிநாயகம் கடை திறந்தான்.

கடை திறந்த வாரமே குடும்பத்தோடு மடத்துக்கு வந்தார்கள். வெள்ளிக்கிழமை. எல்லோரும் வரிசையில் நின்று கறுப்பு அங்கிக்கு அடியில் கையை விட்டு எடுத்தார்கள். கோமதிநாயகம் அது அப்பாவின் அங்கி என்று கண்டுபிடித்து, "ஏ, கோர்ட்டு!" என்று சிரித்தான்.

உலகம்மை கடைசியில் வந்தாள். அவள் கை துணிக்குள் கொஞ்சநேரம் இருந்தது. பெரியவர் வழக்கம்போலக் காற்றாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் அவரிடம் வந்தாள்.

"அப்பா, ஒங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

"சொல்லணும்னு இருந்தா சொல்லும்மா. கேக்கணும்னு எனக்கு ஒண்ணும் இல்ல."

அவள் யோசித்தாள். காற்று அவள் முந்தானையை இழுத்தது. இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"பசிக்குப்பா" என்றாள்.

"வா, கஞ்சி குடிப்போம்."

அப்பாவும் மகளும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து குடித்தார்கள். துவையல் காரமாக இருந்தது. அவள் தன் பங்குத் துவையலை அவர் தட்டில் வைத்தாள், அவர் அதைத் திருப்பி அவள் தட்டில் வைத்தார். வெகுநாளைக்குப் பிறகு அவருக்கு வயிறு நிறைந்தது.

எல்லோரும் வண்டிக்குப் போன பிறகு அவர் மட்டும் நின்றார்.

"சாமி, அன்னைக்கு ஆடியில நான் ஒரு கேள்வி கேட்டேன். நீங்க பதிலே சொல்லல்ல."

"எது அண்ணாச்சி?"

"டாக்டர் பொய் சொல்லலாமான்னு."

சாமி கையில் இருந்த செம்பைக் கீழே வைத்தார். வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு பானையருகே போனார். இடுப்பிலிருந்து சிறு பை ஒன்றை எடுத்து உள்ளங்கைக்குள் பொத்திக்கொண்டார். கறுப்புத் துணிக்கு அடியில் கையை விட்டார், எடுத்தார். பை மறுபடி இடுப்புக்குப் போய்விட்டது. காலையில் முதல் கை வைத்தவர் இப்போது எதற்கு வைத்தார் என்று பெரியவருக்கு விளங்கவில்லை. பழைய புத்தி ஒரு நொடி தலைதூக்கிவிட்டது. பார்வை சாமியின் விரல்களுக்குப் போனது. விரல்கள் சும்மா இருந்தன.

"சாமி, நீங்க இப்ப போட்டீங்களா, எடுத்தீங்களா?"

சாமி சிரித்தார்.

"துணி கட்டுனது நீங்கதான அண்ணாச்சி!"